மிளகுக்கு இரண்டாம் மருந்து

பீடோங்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணிக்கு,

யோகா எழுதுகிறேன். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வாட்சாப்பில்தான் எழுதப் பார்த்தேன். தட்டுவது, அழிப்பது, மறுபடியும் தட்டுவது என்று இருந்தேன். நான் எழுதிக்கொண்டிருப்பது உங்கள் திரையில் தெரிந்திருக்கும். கடைசியில் ஒன்றும் வராமல் போனதும் தெரிந்திருக்கும். அந்த வெட்கத்தில் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அழைத்துப் பேசலாம் என்றால் எனக்குக் குரல் வராது. கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் அண்ணனிடம், "ஒங்க தங்கச்சி வாயில எப்பவும் முட்டாய் இருக்குமா?" என்று கேட்டீர்களே, அந்த முட்டாய் இன்னும் கரையவில்லை, அண்ணி.

உங்கள் அப்பா, இஞ்ஞாசிமுத்து மாமாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? மாதா கோயில் படியேறும்போது உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வார் என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள். இப்போது நீங்கள் பக்கத்திலேயே இருப்பது அவருக்கு உதவியாகத்தான் இருக்கும். செர்டாங்கில் கிறிஸ்துமஸ் வேலைகள் ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே மழை நின்றுவிட்டது. காலையில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து வரும் காற்று காய்ந்து வருகிறது. அண்ணனுக்கு இந்த வாரம் பகல் வேலை. நான் வழக்கம்போல பஸ் பிடித்துச் சுங்கைப்பட்டாணிக்குப் போய் மற்றவர்களின் கணக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை வைத்திருந்தால் எழுத முடியாமல் போய்விடும். மஞ்சள் இப்போது இல்லை. தீபாவளி முடிந்த மறுவாரம் போய்விட்டது. மிளகு இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. உங்களிடம் அண்ணன் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

செம்பனைப் பழம் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு குட்டிகளையும் நீங்கள் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்த அன்று, அம்மா உங்களை வாசலிலேயே நிறுத்தினார். பூனை வளர்த்தால் வீடு உருப்படாது என்றார். நீங்கள் கறுப்புக்கு மிளகு என்றும், சின்னதுக்கு மஞ்சள் என்றும் பெயர் வைத்தீர்கள். அம்மா அந்தப் பெயர்களை வாயில் எடுக்கவில்லை. பெரிசு, சிறுசு என்றுதான் கூப்பிட்டார். ஆனால் ஒரு வாரத்தில் என்ன ஆனது என்று நாம் இருவரும் பார்த்தோமே. வெள்ளன எழுந்து தேநீர் போடுவதற்கு முன்னால் அதுகளுக்குத்தான் சோறு பிசைந்தார். சாடின் மீன் டின்னைத் திறந்தால் நடுத்துண்டு அதுகளுக்கு. கெட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றுவார். வயிறு உருண்டு வர வர, ஒவ்வொன்றாகத் தூக்கி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "பாரு, பறக்காவட்டி மாரி வந்துச்சு, இப்ப பூசணிக்கா மாரி இருக்கு" என்பார். கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டியதும் உங்களிடம் கேட்க முடியாததை எல்லாரும் அம்மாவிடம்தான் கேட்பார்கள். பூனைக்குட்டிகள் வந்த பிறகு அந்தக் கேள்வி வரும்போது அம்மா குட்டிகளைத் தூக்கிக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவார். உங்களுக்காகச் செய்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அது சாப்பாட்டு வயிறு இல்லை என்று நீங்கள் முன்பே சொன்னீர்கள். முதுகெலும்பு விரலில் தட்டுகிறது, வயிறு மட்டும் மத்தளமாக இருக்கிறது, மயிர் சிலிர்த்து நிற்கிறது, எவ்வளவு தின்றாலும் பசியென்று கத்துகிறது, இது குடற்பூச்சி என்று மெதுவாகத்தான் சொன்னீர்கள். செர்டாங் வீட்டில் நிறையப் பூனைகள் பார்த்தவர் நீங்கள். அம்மா கேட்டும் கேட்காததுபோல அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு நீங்கள் குளிக்கப் போனதும் என்னிடம், "அது பூச்சி இல்லலா. பால் குடிச்ச வயிறு. சொல்லி வை ஒங்க அண்ணிக்கிட்ட" என்றார். நான் சொல்லவில்லை. உங்கள் பேச்சையும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த அன்று நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். நான் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், மாவுத் தாம்பாளத்தோடு அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

தேவகி அக்காவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் உதவிக்கு வந்திருந்தார்கள். மஞ்சள் அடுப்படிக்கு வந்து இருமுவதுபோல உடம்பைச் சுருக்கிச் சுருக்கி, பரப்பி வைத்திருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே கக்கியது. பாலும் சோறும் வந்தது. அதற்குள் அரிசிச் சேமியாபோல வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு நெளிந்தன. எல்லாரும் கையை நிறுத்திவிட்டோம். தேவகி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இராசாத்தி, வீட்டுலயே மீஹூன் ஆக்குறியா? சொல்லவே இல்லியே" என்று அம்மாவைக் கேட்டார். சிரித்தார்கள். கேலிக்குத்தான் சொன்னார். அவர் கேலி செய்யாத வீடு இந்தத் தோட்டத்தில் கிடையாது. பிறகு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த பழைய டிரெசரைக் கூப்பிட்டு வீட்டோடு எல்லாரையும் வரிசையில் நிறுத்தி மருந்து ஊற்ற வேண்டியதுதான் என்று ஒரு பேச்சு.

டிரெசர் என்றதும் அம்மாவின் முகத்திலிருந்து ஏதோ வடிந்ததுபோல ஆனது. அந்த நேரத்தில்தான் நீங்கள் செய்தித்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "பூச்சிதான் அத்தை. நான்தான் அப்பவே சொன்னேனே. மாவையெல்லாம் தூக்கிருவோம், தரைய ஒருதடவ கழுவிட்டு அப்புறம் செய்வோம்" என்றீர்கள். சரியான பேச்சு. எந்த மருத்துவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அம்மாவின் காதில் அது தேவகி அக்காவின் சிரிப்போடு சேர்ந்து விழுந்தது. "எங்க வீடு அப்படித்தான். சுத்தமான வீடு வேணும்னா ஒங்க அப்பா வீட்டுல போயி இருந்துக்க" என்று அம்மா சொன்னபோது உங்கள் கையில் அந்தச் சுருட்டிய தாள் இருந்தது. நீங்கள் பின்வாசலைப் பார்த்தீர்கள். அண்ணன் அங்கே மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. துணியை எடுத்துச் சங்கிலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களையெல்லாம் வாசித்து விளக்குகிறவள் நான். "எங்க வீட்டுல படிச்சவ இருக்கா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அன்று என் எதிரே நெளிந்ததை விளக்க எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அண்ணி சொல்வது சரி என்று மூன்று சொல். அது வந்திருந்தால் போதும்.

மறுநாள் அண்ணன் உங்களைச் செர்டாங்கில் கொண்டுவிட்டு வந்தபோது, நாலு நாளில் வந்துவிடுவாள் என்றார். தீபாவளிக்கு அம்மா உங்களுக்கென்று எடுத்த பச்சைச் சேலையைச் சாமி படத்துக்கு முன்னால் எல்லார் துணியோடும் வைத்து மஞ்சள் தடவினார். பூசை முடிந்ததும் மற்ற துணிகளை எடுத்துக்கொண்டோம். அது அங்கேயே இருந்தது. குத்துவிளக்கின் எண்ணெய்க் கறை படும் என்று மாலையில் நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அம்மா பூச்சி என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு குட்டிகளின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, விளக்குக்கு வைத்திருக்கும் எண்ணெய் இல்லாமல் வேறொரு சின்னப் போத்தல் அடுப்படியில் இருந்தது. வேப்பிலை அரைத்த வாடையும் அடித்தது. அம்மா தனக்கு ஏதோ செய்துகொள்கிறார் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்தக் காலத்தில் இங்கே பிள்ளைகளுக்குப் பேதி கொடுப்பார்கள் அல்லவா? வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதையே மஞ்சளுக்குச் செய்திருக்கிறார். நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார், அண்ணி. யாருக்கும் தெரியாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மாலையில் நான் வந்தபோது மஞ்சள் அடுப்போரம் பழைய கைலியில் சுற்றிக் கிடந்தது. பகல் முழுவதும் போய்க்கொண்டே இருந்ததாம். பூச்சிகளும் விழுந்தனவாம். அதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார். "எல்லாம் வெளிய வந்துருச்சு, இனி தேறிரும்" என்று என்னிடம் சொன்னார். நான் தொட்டுப் பார்த்தேன். காது சில்லென்று இருந்தது. தோலைப் பிடித்து விட்டால் பிடித்தபடியே நின்றது. கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்டேன். காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் பார்க்க ஒன்றும் இல்லை.

அண்ணன்தான் பப்பாளி மரத்தடியில் புதைத்தார். அம்மா வெளியே வரவில்லை. உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் கைகால் கழுவி வந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

*

புதன்கிழமை.

நேற்று அம்மா அறைக்குள் வந்ததால் தாளை மடித்துவிட்டேன். தொடர்கிறேன்.

மஞ்சளைப் புதைத்த மறுநாள் நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். துணிக்கூடையில் துண்டு விரித்து மிளகை அதில் வைத்து, கிராப் வாடகைக் காடிக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது. காடி வந்து நின்றதும் அம்மா உள்ளேயிருந்து வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வீட்டுக் கைலிதான். தலைகூட வாரவில்லை. சுங்கைப்பட்டாணி வரை கூடையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

கிளினிக் முகப்பில் இருந்த பெண் பூனையின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "மிளகு" என்றார். அந்தப் பெயரை அம்மா சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டு தடவை, ழகரத்தில் தவறு இருப்பதுபோல அழுத்தி அழுத்திச் சொல்லப் பார்த்தார். இல்லாத ழகரத்தை எங்கே அழுத்துவது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூனை யாருடையது என்று அடுத்துக் கேட்டாள். "மெனந்து சாயா புன்யா" என்றார் அம்மா. என் மருமகளுடையது. எங்கே அவர் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாரோ.

மருத்துவர் மலாய்க்காரப் பெண். நம் வயதுதான் இருக்கும். மிளகை நிறுத்துப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறு வெளுத்திருப்பதைக் காட்டினார், வயிற்றைத் தடவினார். மலத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, உருண்டைப் புழு என்றார். நீங்கள் சொன்னதுதான். குட்டிகளுக்கு இது அதிகம் தாயின் பாலிலேயே வரும், கொண்டுவரும்போதே உள்ளே இருந்திருக்கும் என்றார்.

அம்மா அவரை நிறுத்தி, வீடு அழுக்காக இருந்தால்தானே இது வரும் என்று கேட்டார். மருத்துவர் இல்லை என்றார். பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டைத் தினமும் கொட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், அதெல்லாம் இனிமேல் பரவாமல் இருப்பதற்கு. இது உங்கள் வீட்டில் பிடித்த நோய் இல்லை, மக்சிக், என்று அம்மாவின் வயதுக்கு மரியாதையாகச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பதிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருப்பதுபோல இருந்தது அவர் இருந்த விதம்.

பிறகு அம்மா வேறு ஒன்று கேட்டார். பக்கத்து வீட்டில் ஒரு பூனைக்குட்டி, அவர்கள் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், அது செத்துவிட்டது, அதனால்தானா என்று. நான் சுவரில் ஒட்டியிருந்த உண்ணிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். அவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், பேதி மருந்து கொடுக்கவே கூடாது, பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள் என்றார். அது ஏற்கெனவே மிகவும் பலவீனமாக இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அம்மா, சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

மருந்து மஞ்சள் நிறத் திரவம். எடைக்கு ஏற்றபடி ஊசியில்லாத சின்னக் குழலில் ஏற்றி, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலையை மேலே தூக்கிப் பிடிக்கக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். உதவியாளப் பையன் காட்டித்தர வந்தபோது மிளகு அவன் கையைக் கீறிவிட்டது. அம்மா துண்டை வாங்கி, கால் நான்கும் உள்ளே போகச் சுற்றி, தன் இடுப்போடு அணைத்து, ஒரு விரலால் உதட்டோரத்தைத் திறந்து, சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு துளி வெளியே வரவில்லை. மருத்துவர் "பண்டாய், மக்சிக்" என்று பாராட்டினார். கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் அம்மா முகம் எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அப்படி ஆகவில்லை.

திரும்பி வரும்போது காடியில் அம்மா பேசினார். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பேசினாரோ என்னவோ. அம்மாவுக்கு அழகேசன் என்று ஒரு தம்பி இருந்தாராம். எனக்கே அன்றுதான் தெரியும். நல்ல தொப்பை. மற்ற பிள்ளைகள் அதில் தாளம் தட்டுவார்களாம், அவரும் தட்டச் சொல்லி வயிற்றை நீட்டிக்கொண்டு நிற்பாராம். பெற்றவளுக்கு, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பெருமை. ஒருநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் டிரெசர் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "பூச்சி வயிறு. வீட்ட கூட்டிப் பெருக்குறதே இல்லியா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம்.

"அதுக்கப்புறம் அவன டிரெசர்கிட்ட கூட்டிப் போவல. வீட்டுலயே பாத்தாங்க" என்றார் அம்மா.

வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு மிளகின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். தோட்டத்துச் சாலைக்குத் திரும்பும்போது, "அவ கழுவத்தான் சொன்னா" என்றார். அவள் என்றது உங்களை.

இதை வைத்து நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அம்மா சொன்னது சொன்னதுதான். உங்கள் அப்பா வீட்டை இழுத்துச் சொன்னது, நாலு பேர் இருக்கும்போது சொன்னது, எதுவும் இல்லாமல் போய்விடாது. அம்மாவுக்கு அந்த நேரத்தில் நீங்கள் நீங்களாகத் தெரியவில்லை, களத்தில் நின்ற வேறொருவராகத் தெரிந்தீர்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

மருந்து கொடுத்த அடுத்த நாளே மிளகுக்குப் பூச்சிகள் விழுந்தன. வயிறு வற்றி, இப்போது பூனை மாதிரி இருக்கிறது. மயிர் படிந்து மினுங்குகிறது. ஓடிப்போய்க் கதவுத் திரையில் ஏறுகிறது. நீங்கள் போட்ட நீலத்திரைதான், கீழ்ப்பக்கம் நூல் நூலாக வந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. கெட்டிப்பால் நிறுத்தியாகிவிட்டது. அதற்குத் தனித் தட்டு, தனித் துணி. தேவகி அக்கா வந்து, பூனைக்கு இவ்வளவா என்று கேட்டதற்கு அம்மா, "எம் மருமவ சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தேவகி அக்கா அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

அண்ணனைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அவர் அன்று பேசாமல் இருந்ததற்கு நான் ஏதும் சொல்லிச் சரிக்கட்ட முடியாது. நானும் அதே ரகம். போன ஞாயிற்றுக்கிழமை, மோட்டாருக்குச் சாமான் வாங்கக் கூலிம் போகிறேன் என்று போனார். மாலையில்தான் வந்தார், கையில் சாமான் ஒன்றும் இல்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். கூலிமையும் தாண்டிச் செர்டாங் வரை வந்திருக்கிறார். கோயில் விட்டு நீங்கள் மாமாவைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதை எதிர்க்கடையில் நின்று பார்த்திருக்கிறார். இளைத்துவிட்டீர்கள் என்றார். கூப்பிட வேண்டியதுதானே என்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார். தினமும் வேலைக்குப் போகும் முன் மணல் தட்டை அவர்தான் கொட்டிக் கழுவி வைக்கிறார். யாரும் சொல்லவில்லை.

இனி நான் எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்ததற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

ஒரு தடவை கொடுத்தால் போதாது, முட்டையும் குஞ்சுமாக உள்ளே இருப்பவை வளர்ந்து வரும், அதனால் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் ஒரு நாள் குறித்துத் தந்தார். அது வரும் ஞாயிற்றுக்கிழமை. மருந்து குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. குழலும் அதோடு இருக்கிறது. அம்மா தினமும் திறந்து பார்க்கிறார்.

நேற்று என் அறைக்கு வந்ததும் அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். எந்தக் கோயில் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அதான், அவங்க கோயிலு" என்றார். பத்து மணி வாக்கில் முடியும் என்று சொன்னேன். மருந்து எப்படிக் கொடுப்பது என்று மறந்துவிட்டதாம், உங்களைக் கேட்க வேண்டுமாம். கேட்டால் நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வார் என்றேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அம்மா மறக்கவில்லை, அண்ணி. எத்தனை அளவு, எந்தப் பக்க உதட்டோரம், துண்டை எப்படி மடிப்பது, எல்லாம் தெரியும். கிளினிக்கில் நான் பார்த்தேன். ஆனால் மன்னித்துக்கொள் என்று அம்மா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா இருந்தபோது அவரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை என்று சொல்லித்தான் தன் மனத்தில் இருந்ததை மருத்துவரிடம் கேட்க முடிந்தது. உங்களிடமும் அப்படித்தான் வருவார். மிளகைப் பற்றி மட்டும்தான் பேசுவார். மஞ்சளைப் பற்றிச் சொல்லாமலேகூட இருந்துவிடலாம். திரும்பி வா என்று கட்டாயம் சொல்ல மாட்டார்.

நீங்கள் வர வேண்டும் என்று நானும் இதில் எழுதப் போவதில்லை. அது உங்கள் கால், உங்கள் வழி. பச்சைச் சேலை அலமாரியில் உங்கள் தட்டில்தான் இருக்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்தால் எடுங்கள். இரண்டு தடவை மணி அடித்ததும் பயந்து வைத்துவிடுவார், முன்பும் அப்படி வைத்திருக்கிறார், அதனால் கொஞ்சம் சீக்கிரமே எடுங்கள். மருந்து எப்படிக் கொடுப்பது என்று கேட்பார். தெரியாதவருக்குச் சொல்வதுபோல, துண்டை விரிப்பதிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் யோகா